நனைந்த பனியனுக்கு என்ன மதிப்பு போடுவது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மார்ச் கடைசியில் ஸ்டாக் எடுத்தபோது, குடோன் மூலையில் மழைத்தண்ணீர் ஒழுகி நனைந்த அட்டைப்பெட்டிகள் கிடந்தன. மொத்தம் 1,800 டி-ஷர்ட். ஒரு பீஸின் அடக்கம் 140 ரூபாய், ஆக 2,52,000.

"அடக்க விலையிலேயே போட்டு வைங்க. விக்கறப்ப நஷ்டம் வந்தா அப்பப் பாத்துக்கலாம்" என்றார் முதலாளி. பேங்குக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் தொகை இறங்கினால் டிராயிங் பவர், அதாவது சரக்கைக் காட்டி எடுக்கக்கூடிய கடன் அளவு, குறையுமே என்ற கவலை. நியாயமான கவலைதான். ஆனால் கணக்கியல் தரம் 2-இன்படி, அடக்க விலை, விற்பனைச் செலவு போகக் கைக்கு வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் சரக்கின் மதிப்பு. நல்ல சரக்கில் வரப்போகும் லாபத்தைக் காட்டி இதைச் சரிக்கட்டவும் முடியாது.

முதலில் மொத்தத்துக்கும் பாதி விலை போட்டேன். "இந்த 50 சதவீதம் எங்கிருந்து வந்துச்சு?" என்று ஆடிட்டர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் செக்கிங் அக்காவோடு இரண்டு நாள் குடோனிலேயே உட்கார்ந்தேன். ஒவ்வொரு பீஸுக்குள்ளும் கையை விட்டு விரித்து, ட்யூப்லைட்டுக்கு நேரே பிடிப்பார். "இது வாஷ் போட்டாப் போயிருமுங்க. இது பூஞ்சைக் கறை, போகாதுங்க." சில பீஸ் லேசாக இழுத்ததுமே தையலோரம் கிழிந்தது. மூன்று குவியலாகப் பிரித்தோம்.

துவைத்தால் தேறுவது 700. விலை 165, வாஷிங் 9 போக 156. அடக்கத்தைவிட அதிகம், அதனால் 140-லேயே நின்றது. 156 என்று ஏற்றக்கூடாது. கறை போகாத 900 பீஸுக்குக் காதர்பேட்டை சந்தையில் செகண்ட்ஸ் (குறையுள்ள சரக்கு) விலை விசாரித்தேன்: 75, மூட்டைக் கூலியும் கமிஷனும் 5 போக 70. இற்றுப்போன 200 பீஸ் கழிவுத் துணியாக 30 கிலோ, கிலோ 30 ரூபாய் என்று 900 ரூபாய். ஆக மதிப்பு 1,61,900.

ஜிஎஸ்டியில்தான் பயந்தேன். பிரிவு 17(5)(எச்)-இன்படி, அழித்த அல்லது அடியோடு கணக்கிலிருந்து தள்ளுபடி செய்த சரக்குக்கு உள்ளீட்டு வரியை, அதாவது மூலப்பொருள் வாங்கும்போது கட்டி வரவு எடுத்துக்கொண்ட ஜிஎஸ்டியை, திருப்பிக் கட்ட வேண்டும். எங்களுடையது குறைந்த விலைக்கு விற்கும் சரக்கு; விற்கும் விலைக்கு வரி போட்டு பில் போட்டால் போதும் என்று ஆடிட்டர் விளக்கினார். கழிவுத் துணிக்கும் பில் போட்டுத்தான் அனுப்பினேன்.

ஏப்ரலில் செகண்ட்ஸ் 72-க்குத்தான் போனது. அந்த பில்லைப் பார்த்ததும் ஆடிட்டர் மார்ச் மதிப்பில் பீஸுக்கு 3 வீதம் இன்னும் 2,700 குறைக்கச் சொன்னார். 1,59,200 என்று திருத்தி, பில் நகலையும் அக்கா கையெழுத்துப் போட்ட குவியல் பட்டியலையும் ஃபைலில் சேர்த்தேன்.