வால்யூம் கண்ட்ரோலும் ஒரு குலுக்கலும்

என் வண்டி 2007 மாடல் பெட்ரோல் கார். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்னும் கேபிள்தான் இழுக்கிற ரகம். பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். விற்க மனசு வரவில்லை, விற்றாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

தை மாதம் ஒரு நாள் ஆரம்பித்தது. தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போகிற வழியில், ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் முப்பது, நாற்பதில் உருட்டிக்கொண்டு போகும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி வண்டி ஒரு கணம் தொய்ந்துபோகும், அடுத்த கணமே முன்னால் பாயும். நன்றாக மிதித்துவிட்டால் எதுவும் இல்லை. காலை முழுதாக எடுத்துவிட்டாலும் எதுவும் இல்லை. கால் லேசாக வைத்த நிலையில் மட்டும் குலுக்கல்.

மெக்கானிக்கிடம் விட்டேன். பிளக் நாலும் மாற்றினார், ஏர் ஃபில்டர் மாற்றினார், குலுக்கல் போகவில்லை. அடுத்து பெட்ரோல் பம்ப். அதுவும் மாற்றியாச்சு, கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபாய். ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் கோளாறைச் சொல்கிற எரர் கோடு (code) ஒன்றும் வரவில்லை. "கம்ப்யூட்டரே கோளாறு இல்லைன்னு சொல்லுது சார், பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் கையில் வண்டி இருக்கும்போது இரண்டு தடவைதான் குலுங்கியது.

நடுவில் குடும்பத்தோடு ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவு, நாலு பேர், டிக்கி நிறைய சாமான், ஒரு இடத்தில் கூடக் குலுங்கவில்லை. திரும்பி வந்து குரோம்பேட்டை சிக்னல் தாண்டியதும் மறுபடி ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது, பம்ப் வலுவில்லை என்றால் ஏற்றத்தில்தானே முதலில் காட்டியிருக்க வேண்டும்? ஏற்றத்தில் கால் பாதிக்கு மேல் அழுத்தியே இருந்தது. கோளாறு வேகத்தில் இல்லை, கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது.

கால் இருக்கிற இடத்தை எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது திராட்டில் பொசிஷன் சென்சார். திராட்டில் என்பது ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறந்து எஞ்சினுக்குக் காற்று விடுகிற கதவு. திராட்டில் பாடியில் கேபிள் ஒரு பக்கம் என்றால் மறுபக்கத்துத் தண்டின் முனையில் இரண்டு ஸ்குரூவில் உட்கார்ந்திருக்கும் சின்னக் கறுப்பு டப்பா. மூன்று ஒயர். ஒன்றில் கம்ப்யூட்டர் 5 வோல்ட் அனுப்பும், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். திராட்டில் மூடியிருந்தால் சிக்னல் அரை வோல்ட் சுற்றி இருக்கும், முழுதாகத் திறந்தால் நாலு, நாலரைக்குப் போகும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும்.

ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்தேன். எஞ்சின் ஓடவேண்டாம், சாவி மட்டும் ஆன். கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கம் ஒயர் நுழைகிற ரப்பர் ஓரமாகக் குண்டூசியை விட்டு அதில் மீட்டரைப் பிடிக்கவேண்டும். சிலர் ஒயரின் மேலேயே ஊசியைக் குத்துவார்கள், செய்யாதீர்கள், இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு அந்த ஓட்டை வழியாக ஈரம் போய் உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். ஊசிகள் ஒன்றோடொன்று முட்டாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். 5 வோல்ட் ஒயரில் 4.98. எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 0.02, அதாவது எர்த் சுத்தம். சிக்னல் மூடிய நிலையில் 0.54, கையால் முழுதாகத் திறந்தால் 4.2. எல்லாம் பாடப் புத்தகத்தில் போட்ட மாதிரி. சரி, இதுவும் இல்லை போலிருக்கிறது என்று மூடப்போனேன்.

அப்பா காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். அவர் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். வளைவான கார்பன் பட்டை, அதன்மேல் உரசிக்கொண்டு போகிற ஒரு தகடு என்றேன். "அப்ப அதுவும் வால்யூம் கண்ட்ரோல்தானடா? பழைய ரேடியோல ஒரு இடத்துல மட்டும் கரகரங்குமே, அதப் போய் நம்பர் ஓடற மீட்டர்ல பாக்குறியே" என்று உள்ளே போய்த் தன் முள் மீட்டரை எடுத்துவந்தார்.

டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணைப் புதுப்பிக்கும். நடுவில் கண் இமைக்கும் நேரம் சிக்னல் விழுந்து எழுந்தால் அதற்குத் தெரியாமலே போகலாம். முள் அப்படியில்லை, துள்ளிக் காட்டிவிடும். 10 வோல்ட் ரேஞ்சில் வைத்து, திராட்டிலை மயிரிழை மயிரிழையாகத் திறந்தேன். 0.6, 0.7, 0.8 என்று வழுக்கிக்கொண்டு ஏறிய முள், 0.9 கிட்ட வந்ததும் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஒரு வெட்டு வெட்டிக் கீழே சாய்ந்து திரும்ப எழுந்தது. மறுபடி மூடித் திறந்தேன், அதே இடம். பத்துத் தடவை செய்திருப்பேன், ஏழெட்டுத் தடவை அதே 0.9. ஒயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம், முள் அசையவில்லை. சென்சாரின் தலையில் ஸ்குரூ டிரைவர் பிடியால் லேசாகத் தட்டினால் ஆடியது. அப்புறம் சந்தேகமே இல்லை.

சிக்னல் சட்டென்று விழும்போது டிரைவர் காலை எடுத்துவிட்டான் என்று கம்ப்யூட்டர் நினைத்துப் பெட்ரோலைக் குறைக்கிறது. திரும்ப எழும்போது அழுத்திவிட்டான் என்று கூடுதலாக ஊற்றுகிறது. தொய்வும் பாய்ச்சலும் அதுதான். கோடு ஏன் வரவில்லை? இந்த சர்க்யூட்டுக்கு பி0120 முதல் பி0124 வரை கோடுகள் உண்டு. ஆனால் பி0122 மாதிரியான கோடு விழவேண்டுமானால் வோல்ட்டேஜ் எல்லைக்குக் கீழே கொஞ்ச நேரமாவது நிற்கவேண்டும். என் சென்சாரின் சரிவு அவ்வளவு நேரம் நிற்கவே இல்லை.

புதுப்பேட்டையில் பழைய சாமான் மலிவாகக் கிடைக்கும், ஆனால் இதைப் பழையதாக வாங்குவதில் அர்த்தமில்லை, அதுவும் எவனோ ஒருவனின் நெரிசலில் தேய்ந்ததாகத்தான் இருக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பழையதைக் காட்டி, மேலே அச்சடித்த பார்ட் நம்பரை ஒத்துப் பார்த்துப் புதிது வாங்கினேன். பம்ப் விலையில் பாதிகூட ஆகவில்லை, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மாட்டும்போது இரண்டு விஷயம். ஸ்குரூ சூட்டிலேயே கிடந்து இறுகியிருக்கும், துருநீக்கி எண்ணெய் விட்டு அரைமணி நேரம் பொறுக்காமல் திருகினால் தலை வழவழவென்று போய்விடும். எனக்கு ஒன்று போனது. இன்னொன்று முக்கியம்: தண்டின் முனை சென்சாரின் உள்பள்ளத்தில் சரியான பக்கம் உட்காரவேண்டும், பிசகாக மாட்டினால் திராட்டில் முழுதாக மூடாமல் நின்றுவிடும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் கையால் திறந்து விட்டு, டப் என்று தானாக மூடுகிறதா என்று பாருங்கள். எனக்கு மூடிய நிலையில் 0.52 வந்தது, முள் கடைசிவரை வழுக்கிக்கொண்டு ஏறியது.

புது வண்டிகளில் கேபிள் கிடையாது, திராட்டில் பாடிக்குள்ளேயே இரண்டு சென்சார் வைத்து ஒன்றை ஒன்று சரிபார்க்கிறார்கள், பெரும்பாலும் மொத்தமாகத்தான் மாற்றவேண்டும். அங்கே இந்த வேலை எல்லாம் செல்லாது.

பழைய சென்சாரை அன்று ராத்திரியே உடைத்துப் பார்த்தோம். கறுப்புப் பட்டையில் தகடு போய்வந்த தடம் பென்சில் கோடு மாதிரி ஓடியது. தொடக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, நெல்மணி நீளத்துக்கு ஒரு இடம் மட்டும் தேய்ந்து அடிப்பலகை வெளுப்பாகத் தெரிந்தது. அப்பா அதைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இதுதான் உன் குரோம்பேட்டை" என்றார்.