மத்தியான டிக்கெட்டோடு ராத்திரி ஆட்டத்துக்குப் போன கதை

ஏசிசி, அதாவது அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் கூடைப்பந்து டோர்னமென்ட்டுக்கு டிக்கெட் வாங்கும்போது தேதியை மட்டும் பார்க்காதீர்கள், மத்தியானமா ராத்திரியா, எந்த செஷன் என்று பாருங்கள். நான் தேதியைப் பார்த்தேன், விலையைப் பார்த்தேன், எத்தனையாவது வரிசை என்பதுவரை பார்த்தேன். செஷனை மட்டும் பார்க்கவில்லை. அந்தப் புண்ணியத்தில் 280 மைல் கார் ஓட்டிப் போய், அரங்கத்துக்கு எதிர்ச் சாரியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றுகொண்டு டிவியில் ஆட்டம் பார்த்தேன்.

நடந்தது 2024 மார்ச்சில். அந்த வருஷம் டோர்னமென்ட் வாஷிங்டனில், கேபிடல் ஒன் அரினாவில். வழக்கமாக கிரீன்ஸ்பரோவிலோ சார்லட்டிலோ வைத்தால் எங்களுக்குப் பக்கம், காலையில் கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்துவிடலாம். நான் படித்தது என்.சி. ஸ்டேட்டில், அதாவது நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். எங்கள் டீமைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நம்பிக்கை வைப்பது உடம்புக்கு ஆகாது. கடைசியாகக் கான்ஃபரன்ஸ் கோப்பை வாங்கியது 1987-ல். இந்த முறை சீசனின் கடைசி நான்கு ஆட்டமும் தோல்வி, 17 வெற்றி, 14 தோல்வி என்ற கணக்கோடு பத்தாவது சீடாக, அதாவது தரவரிசையில் பத்தாவதாக, உள்ளே வந்தார்கள். பத்தாவது சீட் என்றால் செவ்வாய்க்கிழமையே ஆட ஆரம்பிக்க வேண்டும், கோப்பை வேண்டுமென்றால் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயிக்க வேண்டும். முதல் நான்கு சீட்கள் வியாழன்வரை காலை நீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். கோப்பையை ஜெயித்தால் நேராக நாடு முழுவதுக்குமான கல்லூரி டோர்னமென்ட்டான என்சிஏஏவுக்கு, இல்லாவிட்டால் எங்கள் கணக்குக்கு வீடுதான். அதனால் முன்கூட்டி டிக்கெட் வாங்கும் எண்ணமே எனக்கு வரவில்லை.

செவ்வாய் லூயிவில்லை ஜெயித்தார்கள். சரி, அது கடைசி இடத்தில் இருந்த டீம். புதன் ராத்திரி சிரக்யூஸை 83-65 என்று உரித்தபோதுதான் எனக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. மறுநாள் டியூக், பெரிய டீம். பல்கலைக்கழகத்தில் இப்போது ஆராய்ச்சி படிக்கும் திண்டுக்கல் தம்பி ஒருவன் எனக்குப் பழக்கம், அவனிடமிருந்து ஃபோன். "அண்ணா, போலாமாண்ணா?" அவ்வளவுதான் கேட்டான். ராத்திரி பதினொன்றரை மணிக்குப் வாங்கினவர்கள் டிக்கெட்டைத் திரும்ப விற்கும் ஆப் ஒன்றில் தேடினேன். வியாழக்கிழமை, கால் இறுதி, கீழ் அடுக்கு, இரண்டு இருக்கை. விலை ஆச்சரியமாகக் கம்மி. அந்த ஆச்சரியத்தில் அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும்.

விஷயம் என்னவென்றால், புதனும் வியாழனும் நான்கு நான்கு ஆட்டம். அது நான்கும் ஒரே டிக்கெட் இல்லை. மத்தியானம் இரண்டு ஆட்டம் ஒரு செஷன், அது முடிந்ததும் அரங்கத்தைக் காலி செய்து கூட்டிப் பெருக்கி, ராத்திரி இரண்டு ஆட்டத்துக்கு வேறு டிக்கெட்டில் வேறு கூட்டத்தை விடுவார்கள். அந்த வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்கு நார்த் கரோலினா ஆட்டம் (எங்கள் டீம் இல்லை, அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகம்), அதற்கப்புறம் பிட்ஸ்பர்க்கும் வேக் ஃபாரஸ்டும். எங்கள் ஆட்டம் ராத்திரி ஏழு மணி. ஆப்பில் டீம் பேரே இல்லை, வெறும் செஷன் நம்பர். யார் யார் ஆடுவார்கள் என்று முந்தின நாள்வரை தெரியாதே, எப்படிப் போடுவார்கள்? பெரியகுளத்தில் மே மாதக் கூடைப்பந்து டோர்னமென்ட்டுக்குச் சின்ன வயதில் போவேன், ஒருதரம் உள்ளே போய் உட்கார்ந்தால் கடைசி விசில்வரை யாரும் எழுப்ப மாட்டார்கள். அந்த ஞாபகத்தில் வாங்கிவிட்டேன் போல.

வியாழன் காலை ஆபீசில் ஒரு மீட்டிங்கை முடித்துக்கொண்டு பதினோரு மணிக்குக் கிளம்பினோம். பீட்டர்ஸ்பர்க்வரை சுகம். அப்புறம் ஐ-95 ஹைவே. ரிச்மண்ட் தாண்டி ஃபிரெட்ரிக்ஸ்பர்க் பக்கம் எப்போதும் நிற்கும், அன்றைக்கும் நின்றது. நாங்கள் ஊர்ந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் எங்களுடைய இருக்கைகள் இரண்டும் அங்கே காலியாக இருந்திருக்கின்றன, எங்கள் டிக்கெட்டுக்கு உரிய ஆட்டங்கள் எங்களைக் கேட்காமல் நடந்து முடிந்திருக்கின்றன. எங்களுக்குத் தெரியாது. எங்கள் டீம் நிறமான சிவப்பு டீஷர்ட் போட்டுக்கொண்டு இட்லிப் பொடி தடவிய இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

ஹண்டிங்டனில் காரை விட்டுவிட்டு மஞ்சள் லைன் மெட்ரோ பிடித்தோம். இது ஒன்றுதான் அன்றைக்கு ஒழுங்காக நடந்தது. கேலரி பிளேஸ் ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் அரங்க வாசல், டவுன்டவுன் பார்க்கிங் பக்கமே போகாதீர்கள்.

வாசலில் டிக்கெட் பார்ப்பவர் என் ஃபோனை ஸ்கேன் செய்தார். சிவப்பு விளக்கு. திரும்பச் செய்தார். சிவப்பு. ஃபோனை வாங்கிக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, ரொம்ப மெதுவாக, நோயாளியின் சொந்தக்காரர்களிடம் டாக்டர் பேசுவதுபோல, "சார், இது மத்தியான செஷன்" என்றார். தம்பி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்லண்ணா" என்றான். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இதற்கப்புறம் நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். டிக்கெட் விற்ற ஆப்பின் வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் போட்டேன். பாட்டு. பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு. நடுவில் எடுத்த ஒருவர், நிகழ்ச்சி முடிந்துவிட்டதால் மாற்றித் தர முடியாது, விற்கவும் முடியாது, மேலதிகாரியிடம் தருகிறேன் என்று சொல்லி மறுபடி பாட்டில் விட்டார். ஐம்பது நிமிஷம். அந்த மேலதிகாரி "உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது" என்று மூன்று தரம் சொன்னார். புகார் எண் ஒன்று தந்தார். ஃபோனை வைத்துவிட்டுப் பார்த்தால் முதல் பாதி முடியப் போகிறது.

என்ன நடந்தது தெரியுமா? ஏழு மணிக்கு முன்னால் அதே ஆப்பில் ராத்திரி செஷன் டிக்கெட் நாங்கள் கொடுத்ததைப்போல மூன்று மடங்கு இருந்தது, ஆட்டம் ஆரம்பித்த பிறகு சரசரவென்று இறங்கியிருக்கிறது. கையில் மிச்சமான டிக்கெட்டை வைத்துக்கொண்டு விற்பவன் என்ன செய்வான், வந்த விலைக்குத் தள்ளுவான். நான் பாட்டு கேட்டுக்கொண்டிருந்த ஐம்பது நிமிஷமும் அந்த விலை என் ஃபோனுக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கவே இல்லை. தப்பான டிக்கெட் வாங்கிவிட்டீர்களா, அதை மறந்துவிடுங்கள், பணம் போய்விட்டது. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம் பொறுத்து வேறு வாங்குங்கள். சேவை மையத்துக்கு மறுநாள் பேசிக்கொள்ளலாம், அவர்கள் பாட்டு எங்கேயும் போய்விடாது.

கடையில் நின்று இரண்டாம் பாதியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து ஃபோன். "என்னங்க, நீங்க எந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க? பாப்பா டிவியில ஒரு மணி நேரமா உங்களைத் தேடிட்டிருக்கா." நான் என்ன சொல்வது? "தூணுக்குப் பின்னாடி" என்றேன்.

ஆனால் டியூக்கை ஜெயித்துவிட்டோம். 74-69. கடையில் இருந்த முன்பின் தெரியாத சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் தம்பியைத் தூக்கிவிட்டார். வெளியே வந்தால் அரங்க வாசலில் டியூக் ரசிகர்களின் நீலச் சட்டைகள் வரிசையாக வெளியேறிக்கொண்டிருக்கின்றன. இதுதான் இந்த டோர்னமென்ட்டின் சந்தை. பல்கலைக்கழகம் வழியாக மொத்தக் கட்டாக டிக்கெட் வாங்கினவர்களுக்கு, டீம் தோற்ற அந்த நிமிஷத்திலிருந்து மிச்ச நாள் டிக்கெட் வெறும் பாரம். வெள்ளி, சனி டிக்கெட் வேண்டுமென்றால் பெரிய டீம் ஒன்று தோற்று வெளியே வரும் வாசலில் நில்லுங்கள்.

டியூக் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெரியவர். அரை இறுதிக்கு இரண்டு டிக்கெட் இருக்கிறது, நாளைக் காலை ஊருக்குப் போகிறோம் என்றார். விலை நியாயமாகச் சொன்னார், டிக்கெட் உன் கைக்கு வந்த பிறகு பணம் அனுப்பு என்றும் அவரே சொன்னார். மின்னஞ்சல் முகவரி கேட்டார். இங்கேதான் அடுத்த வினை. என் பெயரில் ழ இருக்கிறது. மின்னஞ்சலில் அது இசட், எச். தெருவில் ஒரே கூச்சல், நான் எழுத்தெழுத்தாகச் சொன்னேன், அவர் எச்சை விட்டுவிட்டார். அனுப்பியாயிற்று என்று காட்டினார். எனக்கு வரவில்லை. நெட்வொர்க் நெரிசல், அறைக்குப் போனால் வந்துவிடும் என்று இரண்டு பேரும் சமாதானம் சொல்லிக்கொண்டோம். நல்லவேளை, ஃபோன் நம்பர் வாங்கி வைத்தேன்.

அறை எடுத்தது அலெக்சாண்டிரியாவில் ஒரு மோட்டல். வரவில்லை. ராத்திரி ஒரு மணிக்கும் வரவில்லை. எச் இல்லாத என் பெயர்க்காரன் எவனோ ஒருத்தன் காலையில் எழுந்து பார்த்து, அட என்று ஏற்றுக்கொண்டால் தீர்ந்தது கதை. ஏற்றுக்கொள்ளாதவரை அனுப்பியவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று தம்பிதான் தேடிக் கண்டுபிடித்தான். எட்டு மணிக்குப் பெரியவருக்கு ஃபோன் போட்டால் எடுக்கவில்லை. ஒன்பதரைக்கு அவரே கூப்பிட்டார், ஹைவேயில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஓய்விடம் ஒன்றில் நிறுத்தி, மனைவியின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல ரத்து செய்து மறுபடி அனுப்பினார். "இசட்டுக்கு அப்புறம் எச்" என்று அவரே இரண்டு தரம் சொன்னார். டிங் என்று வந்தது. எதிரி டீம் ஆள் ஒருவர் மேல் எனக்கு இவ்வளவு பாசம் வந்ததில்லை.

வந்த கையோடு ஃபோன் வாலெட்டில் சேர்த்துவிட்டேன், நீங்களும் செய்யுங்கள். பார்கோடில் ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது, வாசலில் இணையம் திணறும். முதுகுப்பையை உள்ளே விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வெள்ளிக்கிழமை ஒரே செஷன்தான், குழப்பமில்லை. ஆனாலும் வாசலில் விளக்கு பச்சை ஆகும்வரை தம்பி மூச்சு விடவில்லை.

நார்த் கரோலினாவும் பிட்ஸ்பர்க்கும் ஆடிய முதல் ஆட்டத்தில் எனக்கு ஈடுபாடில்லை. எங்கள் ஆட்டம் ஒன்பதரைக்கு மேல், வர்ஜினியாவோடு. எங்கள் டீமின் டி.ஜே. பர்ன்ஸை நேரில் பார்க்க வேண்டும். ஆறடி ஒன்பது அங்குலம், 275 பவுண்டு உடம்பு, முதுகைக் காட்டித் தள்ளிக்கொண்டே போய், இடது கையால் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல அவ்வளவு மென்மையாகப் பந்தை வைப்பான். இருந்தும் கடைசி சில வினாடிகளில் மூன்று புள்ளி பின்னால். வர்ஜினியாவுக்கு ஃப்ரீ த்ரோ. போட்டிருந்தால் முடிந்தது. எனக்கு முன்னால் இருந்த குடும்பம் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தது. தவறவிட்டான். எங்கள் மைக்கேல் ஓகானல் பந்தோடு ஓடி வந்து மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தான், சங்கு ஊதிவிட்டது, பந்து பலகையில் பட்டு வளையத்தின் மேல் நின்று யோசித்து உள்ளே விழுந்தது. 58-58. கோட்டு மாட்டின குடும்பத்துத் தலைவர் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஓவர்டைமில் 73-65.

வெளியே வரும்போது கிட்டத்தட்ட நள்ளிரவு. மெட்ரோ அப்போது வெள்ளி, சனி மட்டும்தான் ஒரு மணிவரை ஓடியது, மற்ற நாள் பன்னிரண்டோடு சரி. வாரநாள் ராத்திரி செஷனுக்குப் போகிறவர்கள் இரண்டாவது ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனால் நடந்துதான் போக வேண்டும், நினைவில் வையுங்கள்.

சனிக்கிழமை இறுதி ஆட்டம், நார்த் கரோலினாவோடு. நான் பார்க்கவில்லை. பாப்பாவுக்கு அன்றைக்குத் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா, அவ்வையார் வேஷம். காலையிலேயே கிளம்பி வந்துவிட்டேன். தம்பி அங்கேயே தங்கினான். ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் பொறுத்து, நான் இழந்த அதே முறையில், மேல் அடுக்கில் ஒற்றை டிக்கெட் வாங்கி உள்ளே போனான். 84-76. எங்கள் டி.ஜே. ஹார்ன் 29 புள்ளி. பத்தாவது சீட் ஒன்று ஏசிசி கோப்பையை வாங்கியது அதுதான் முதல் தடவை. தம்பி ஃபோன் செய்தான், இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை, நடுவில் "அண்ணா, அண்ணா" என்று மட்டும் கேட்டது. பாப்பா நரைமுடி விக்கைக் கழற்றாமல் டிவிக்கு முன்னால் குதித்துக்கொண்டிருந்தாள்.

திங்கள்கிழமை அந்த ஆப்பிலிருந்து ஒரு மின்னஞ்சல். என் புகார் பரிசீலிக்கப்பட்டு முடிக்கப்பட்டதாம், பணம் கிடையாதாம். கீழே ஐந்து நட்சத்திரம் போட்டு, எங்கள் சேவை எப்படி இருந்தது என்று கேட்டிருந்தார்கள்.