கடற்கரை வீட்டு நாட்குறிப்பு: சுனாமிக்கு ஆயத்தம்

30 ஜூலை 2025, புதன்

காலையில் டிவியைப் போட்டதும் ரஷ்யாவின் கம்சாத்காதான். நம் நேரத்துக்கு விடிகாலை ஐந்து மணி வாக்கில் 8.8 அளவில் நிலநடுக்கம். ஜப்பானில் கடலோர ஜனம் மொட்டை மாடிகளிலும் மேட்டிலும் வெயிலில் உட்கார்ந்திருக்கிறது. இந்தியாவுக்கு ஆபத்து இல்லை என்று ஹைதராபாத்தில் உள்ள சுனாமி எச்சரிக்கை மையம் சொல்லிவிட்டது. ஆனாலும் நாகப்பட்டினத்துக்காரர்களுக்குச் சுனாமி என்று காதில் விழுந்தாலே வயிறு கலங்கும். 2004 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்தவர்கள் நாங்கள். அத்தை டிவி பக்கமே வரவில்லை.

31 ஜூலை, வியாழன்

ஜப்பானில் இன்றுதான் எச்சரிக்கையை முழுக்க விலக்கினார்கள். அங்கே வந்த அலை ஒன்றரை மீட்டர்கூட இல்லை. "இதுக்கா இவ்வளவு?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். சொல்லும்வரை அவர்கள் இறங்காமல் இருந்தார்களே, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. சுனாமி ஒற்றை அலை இல்லை. அடுத்தது பத்து நிமிடத்திலும் வரும், ஒரு மணி நேரம் கழித்தும் வரும், முதல் அலையைவிடப் பெரிதாகவும் வரும். 2004ல் தண்ணீர் வடிந்ததும் பிள்ளையைத் தேடி, வலையைத் தேடி கரைக்குத் திரும்பியவர்களை அடுத்த அலை கொண்டுபோனது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

மகளுக்கு இன்று உட்கார்ந்து சொன்னேன். "தரை ஆடினா ஓடணும், கடல் உள்வாங்கினா ஓடணும்" என்று பள்ளியில் படித்திருக்கிறாள். சரிதான், அப்படி நடந்தால் யாரையும் கேட்காமல் ஓட வேண்டியதுதான். ஆனால் நம் கரைக்கு அது மட்டும் போதாது. சுமத்ரா பக்கம் ஆடினால் இங்கே பலருக்குத் தெரியவே தெரியாது. 2004ல் தாய்லாந்தில் முதலில் கடல் உள்வாங்கியது. நம் பக்கம் முதலிலேயே நீர் உயர்ந்துதான் வந்தது.

அன்று நடுக்கம் காலை 6.29க்கு. அலை இங்கே வந்தபோது ஒன்பது மணி ஆகப் போகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, சொல்லத்தான் ஆள் இல்லை. ஹைதராபாத் மையம் 2007ல்தான் வந்தது. புதுச்சேரி நல்லவாட்டில் மட்டும், சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரிக்க, கிராமத்து ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஊரே பிழைத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். எத்தனை ஊரில் ஒலிபெருக்கி சும்மா கிடந்திருக்கும்!

9 ஆகஸ்ட், சனி

இவரிடம் படகுப் பேச்சு. கடலில் இருக்கும்போது எச்சரிக்கை வந்தால் கரைக்கு வரக்கூடாது, துறைமுகத்துக்குள் நுழையவே கூடாது. 50 பாகத்துக்கு (சுமார் 90 மீட்டர்) மேல் ஆழம் இருக்கும் இடத்துக்குப் போய் அங்கேயே நிற்க வேண்டும். ஆழ்கடலில் அந்த அலை படகுக்கு அடியில் போவதுகூடத் தெரியாது. கரையை நெருங்கித்தான் எழும்பும். "நீங்க இங்க இருக்கயில நான் எப்படி வெளியே நிப்பேன்?" என்றார். "நாங்க எங்க இருப்போம்னு தெரிஞ்சா நிப்பீங்கல்ல?" என்றேன். பள்ளி மாடி என்று முடிவானது. கரையில் இருந்தால் எஞ்சினைக் கழற்றப் போகமாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

அத்தையைக் கூட்டிக்கொண்டு பள்ளிவரை நடந்து பார்த்தேன். ஆற்றோரப் பாதை குறுக்குவழிதான், ஆனால் முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் சீக்கிரம் ஏறிவிடும். அதனால் கோயில் தெரு. வண்டி வேண்டாம், எல்லோரும் வண்டியை எடுத்தால் அந்தத் தெருவில் யாரும் நகர முடியாது. முட்டிவலியோடு அத்தைக்கு அரை மணி நேரம் பிடித்தது.

வழியெல்லாம் முணுமுணுப்பு. "2012லயும் இப்படித்தான் ஓடுனோம். என்ன வந்துச்சு?" அன்று நிலநடுக்கம் 8.6 அளவு. கடல் தரை மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை கிளம்பவில்லை. அது ஓடிய பிறகுதானே தெரியும், அத்தை?

போய்ச் சேர்ந்தால் மாடிக் கதவில் பூட்டு. துருப்பிடித்து, சாவி யாரிடம் என்றுகூடத் தெரியாத பூட்டு. தரைமட்டமான ஊரில் எங்களுக்கு இருக்கும் மேடே அந்த மாடிதான்.

13 ஆகஸ்ட், புதன்

பை தயார். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் எல்லாம் பிளாஸ்டிக் உறையில். அத்தையின் சர்க்கரை மாத்திரை, டார்ச், விசில், தண்ணீர், பிஸ்கட், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியாச்சு. பேரிடர் உதவிக்கு மாநில எண் 1070, மாவட்டத்துக்கு 1077, இரண்டு எண்ணையும் மகள் சுவரில் எழுதிவிட்டாள்.

15 ஆகஸ்ட், வெள்ளி

கிராம சபையில் எழுந்து சாவியைப் பற்றிக் கேட்டேன். முதலில் சலசலப்பு. அப்புறம் பிள்ளையைப் பறிகொடுத்த பெரியம்மா ஒருவர் எழுந்து, "பூட்டை உடைங்க, நான் புதுசு வாங்கித் தாரேன்" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. புதுப் பூட்டுக்கு ஒரு சாவி பள்ளியில், ஒன்று எதிரே உள்ள பெட்டிக்கடையில், ஒன்று கோயிலில்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

கதவு திறந்தது, அத்தை மாடி ஏறினார். ஆனால் படிக்கட்டில் பிடிமானம் இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏற முடிந்தது. கூட்டத்தில், அதுவும் ராத்திரியில், வயசானவர்கள் எப்படி ஏறுவார்கள்? குழாய்க் கைப்பிடி வேண்டும் என்று நாளைக்கு மனு எழுதிக் கொடுக்கணும். சவுக்குத் தோப்புப் பக்கத்து வீடுகளுக்கு ஒலிபெருக்கி கேட்கிறதா என்று மகளும் அவள் கூட்டாளிகளும் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.