விளக்குக் கம்பத்தில் ஒரு கொடி

2025 ஆகஸ்டு மாதக் கடைசியில், பர்மிங்காமுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் செவிலியராக வேலை பார்க்கும் என் மகள், இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியில் எடுத்த காணொளி ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். அவள் குடியிருக்கும் தெருவின் விளக்குக் கம்பங்களில், ஏணி வைத்து ஏறினால் எட்டும் உயரத்தில், வெள்ளைத் துணியில் செஞ்சிலுவை போட்ட இங்கிலாந்துக் கொடிகளைப் பிளாஸ்டிக் பட்டைகளால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். முந்தின இரவு மழை பெய்திருக்கிறது போலும். துணி நனைந்து கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. தெருமுனையில் இருந்த சின்ன ரவுண்டானாவின் நடுவில் யாரோ பெயின்டால் அதே சிலுவையை வரைந்திருந்தார்கள். காணொளியின் கடைசியில் அவள் குரல் மட்டும் கேட்டது: "யப்பா, இத எனக்குஞ் சேத்துக் கெட்டிருக்காவளா, இல்ல என்னைய வெரட்டக் கெட்டிருக்காவளான்னு தெரியலையே."

பாளையங்கோட்டையில் முப்பத்தோராண்டுகள் வரலாற்று ஆசிரியராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். தேசபக்தி என்ற சொல்லை வகுப்பறையில் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. ஆனாலும் அவள் கேட்ட கேள்விக்கு அன்று உடனே பதில் எழுத எனக்கு வரவில்லை. அதன்பின் பல வாரங்கள் அந்த நாட்டின் செய்திகளையும் பாராளுமன்றப் பேச்சுகளையும் படித்துப் பார்த்து, எனக்குத் தெளிவானதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கே கொடி ஒன்றல்ல. நாம் யூனியன் ஜாக் என்று சொல்லும் கொடி, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் சிலுவைகளையும் 1606இலும் 1801இலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உண்டானது. வேல்ஸுக்கு அதில் இடமே இல்லை. என் மகளின் தெருவில் பெரும்பாலும் தொங்கியது புனித ஜார்ஜின் சிலுவை, அதாவது இங்கிலாந்துக்கு மட்டும் உரிய கொடி. 1966இல் இங்கிலாந்து கால்பந்து உலகக் கோப்பையை வென்றபோது ரசிகர்கள் ஆட்டியது யூனியன் ஜாக்கைத்தான்; முப்பதாண்டுகள் கழித்து, 1996 ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில்தான் மைதானம் முழுவதும் ஜார்ஜ் சிலுவையாக மாறியது. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் 1999 முதல் தனி அவைகள் இருக்கின்றன. இங்கிலாந்துக்கென்று தனி அவையும் இல்லை, சட்டப்படியான தனி நாட்டுப்பாடலும் இல்லை. ஆகவே 'நான் ஆங்கிலேயன்' என்று சொல்லிக்கொள்ள விரும்புகிறவனுக்குக் கால்பந்து மைதானத்தையும் இந்தக் கொடியையும் விட்டால் வேறு பற்றுக்கோடு இல்லை என்பது உண்மையான ஒரு குறை. அதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். தன் ஊரின் பெயரைச் சொல்லும்போது நெஞ்சு நிமிராதவன் யார்?

கொடி கட்டியவர்கள் எல்லாரையும் இனவெறியர் என்று ஒரே சொல்லில் முடிப்பதும் நியாயமன்று. இந்தக் கொடி இயக்கம் தலையெடுத்த பர்மிங்காம் நகரத்தின் மாநகராட்சி, 2023 செப்டம்பரில் கையில் காசில்லை என்று அறிவித்த மாநகராட்சி. 2025 மார்ச் முதல் குப்பை அள்ளுவோரின் முழு வேலைநிறுத்தத்தால் தெருத்தெருவாகக் குப்பைப் பைகள் குவிந்து கிடந்த ஊர். நூலகமும் பேருந்தும் இளைஞர் மன்றமும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகிற இடத்தில், சொந்தக் கைக்காசைப் போட்டு ஏணி ஏறிக் கொடி கட்டுகிறவனிடம், 'எங்களை மறந்துவிடாதீர்கள்' என்ற குரலும் இருக்கிறது. ஆனால் அதே கொடி செப்டம்பர் 13ஆம் தேதி லண்டனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடிய பேரணியில், வந்தேறிகளை வெளியேற்று என்ற கூச்சலுக்கு நடுவிலும் பறந்தது. துணிக்கு வாய் கிடையாது. யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அதன் பொருளைச் சொல்கிறார். என் மகள் தடுமாறியதற்குக் காரணம் அதுதான்.

அரசியல் தலைவர்களோ இந்தத் தடுமாற்றத்தைத் தீர்ப்பதற்குப் பதிலாகத் தேசபக்தியை ஒரு தேர்வாக மாற்றி ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். 2015 செப்டம்பரில், தொழிற்கட்சித் தலைவராகத் தேர்வான சில நாட்களுக்குள் ஜெரிமி கார்பின் ஒரு போர் நினைவு வழிபாட்டில் நாட்டுப்பாடலைப் பாடாமல் வாய்மூடி நின்றதற்காக, நாட்டையே நேசிக்காதவர் என்ற பட்டம் அவரை விடாமல் துரத்தியது. அந்தக் கறையைக் கழுவ வேண்டியே, அவருக்குப் பின் கட்சித் தலைவரான கியர் ஸ்டார்மர் 2022இல் கட்சி மாநாட்டை அந்தப் பாடலோடு தொடங்கி வைத்தார். 2025 லிவர்பூல் மாநாட்டில் தொண்டர்கள் கை நிறையக் கொடிகளை அசைத்தார்கள். 2016இல் அப்போதைய பிரதமர் தெரசா மே, உலகக் குடிமகன் என்று தன்னைக் கருதுகிறவன் எந்த இடத்துக்கும் குடிமகன் அல்லன் என்று சொன்னார். 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஓதிய எனக்கு அந்த வாக்கியம் இன்றும் உறுத்துகிறது.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை ஆழமாகத் தைத்தது வேறொன்று. சௌதாம்ப்டனில் பிறந்து அந்நாட்டின் பிரதமராகவே இருந்து இறங்கிய ரிஷி சுனக் ஆங்கிலேயரா இல்லையா என்று 2025 தொடக்கத்தில் பகிரங்கமாக விவாதித்தார்கள். உள்துறை அமைச்சராக இருந்த சுவெல்லா பிரேவர்மன், லண்டனில் பிறந்தவர், மொரீஷியஸ் தமிழ்த் தாயின் மகள். தான் பிரிட்டிஷ்காரர்தானே தவிர ஆங்கிலேயர் அல்லர் என்று அவரே எழுதினார். ஒரு நாட்டின் பிரதமர் ஆனாலும் திறக்காத கதவு, ஆஸ்பத்திரி வார்டில் விடிய விடியக் கால் கடுக்க நிற்கும் ஒருத்திக்கு எந்தக் காலத்தில் திறக்கும்?

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தேர்வு புதிதல்ல. தூத்துக்குடியில் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளையை 1908 மார்ச் 12ஆம் தேதி கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டார்கள். ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். குற்றத்தின் பெயர் ராஜத்துரோகம். அந்தத் தண்டனையின் கடுமையை லண்டனில் இந்தியா அமைச்சராக இருந்த மார்லியாலேயே ஏற்க முடியவில்லை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. இதற்கு முந்தின ஆண்டுதான், 1907இல், தொழிற்கட்சியை உருவாக்கியவர்களில் முதல்வரான கியர் ஹார்டி இந்தியாவுக்கு வந்து, இங்கே நடக்கும் ஆட்சி சரியில்லை என்று வெளிப்படையாகப் பேசியதற்காகச் சொந்த நாட்டுப் பத்திரிகைகள் அவரைத் துரோகி என்று தூற்றின. அவர் பெயரைத் தாங்கியவர்தான் 2024இல் பிரதமரான ஸ்டார்மர். வ.உ.சி.யையும் ஹார்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்பில் ஒருநாள்கூட நான் பாடம் நடத்தவில்லையே என்று இப்போது வருந்துகிறேன். வ.உ.சி. தன் ஊரின் மேல் கொண்ட பற்றினால் கப்பல் விட்டார். ஹார்டி தன் நாடு தலைகுனியக் கூடாது என்ற பற்றினால் அதைக் கடிந்துகொண்டார். இருவரும் விசுவாசத் தேர்வில் தோற்றவர்கள்.

தமிழில் நாம் தேசபக்தி என்றும் சொல்கிறோம், நாட்டுப்பற்று என்றும் சொல்கிறோம். ஒன்றுக்கு ஒன்று மாற்றுச் சொல்லாகவே பயன்படுத்துகிறோம். ஆனால் பக்தி என்றால் எதிரில் ஒரு சன்னிதி இருக்கிறது, கை கூப்ப வேண்டும், குறை காணக் கூடாது. பற்று அப்படியன்று, பற்றுள்ளவன் வாய்க்கால் தூர்ந்தால் கத்துவான், குளத்துக்கரை உடைந்தால் ஊர்க்கூட்டத்தில் சண்டை போடுவான், தாமிரபரணியில் சாக்கடை கலந்தால் வழக்குப் போடுவான். அவனை யாரும் ஊருக்கு ஆகாதவன் என்று சொல்வதில்லை, ஏனென்றால் குறை சொல்லும் உரிமை சொந்தக்காரனுக்கு உண்டு.

பிரிட்டிஷ் அரசியலில் இன்று நடக்கும் சண்டையின் அடிவேர் இந்த உரிமைதான் என்பது என் துணிபு. 2024 தேர்தலில் பதினான்கு விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கிய நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி, 'பிரிட்டன் உடைந்துவிட்டது' என்பதையே முழக்கமாக வைத்து ஓட்டுக் கேட்டது. நாடு குட்டிச்சுவராகிவிட்டது என்று மேடைக்கு மேடை சொல்லும் அவர் தேசபக்தர். அதே சொல்லைக் கார்பின் சொன்னால் தேசத்தை வெறுப்பவர். என் மகள் சொன்னால் நன்றி கெட்டவள். செவிலியர்கள் தேநீர் குடிக்கும் அறையில், எலும்பு முறிந்த மூதாட்டி ஒருவர் ஒன்பது மணி நேரம் தள்ளுவண்டியிலேயே கிடந்ததைப் பற்றி எல்லாரும் வேதனையோடு பேசிக்கொண்டிருந்தபோது இவளும் ஒரு வார்த்தை சேர்த்தாளாம். உடனே ஒருவர், உங்கள் ஊரில் இதைவிட மோசமாக இருக்குமே என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டாராம். அன்றிலிருந்து அவள் அந்த அறையில் அந்த நாட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. அந்நாட்டின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 1948 ஜூலை 5ஆம் தேதி பிறந்ததற்கு இரண்டு வாரம் முன்புதான் விண்ட்ரஷ் கப்பலில் கரீபியத் தீவுகளிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். தொடக்கத்திலிருந்தே அந்த நிறுவனம் நின்றது வெளியிலிருந்து வந்தவர்களின் தோளிலும்தான். அதில் குறை காண அவளுக்கு உரிமை இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

இதற்கு மாறானதையும் நான் சொல்லியாக வேண்டும். 2024 ஜூலை 29ஆம் தேதி சௌத்போர்ட்டில் மூன்று சிறுமிகளைக் கொன்ற கொடுமைக்குப் பிறகு, கொலையாளி வெளிநாட்டுக்காரன் என்ற பொய் பரவி, மறுநாளே ஒரு கும்பல் அந்த ஊர்ப் பள்ளிவாசலைத் தாக்கியது. அந்த வாரம் முழுவதும் என் மகளைத் தனியாக நடந்து வரவிடாமல் உடன் வேலை பார்ப்பவர்கள் காரில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வெள்ளைக்காரப் பெண்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். சௌத்போர்ட்டிலோ விடிந்ததும் அந்த ஊர் மக்கள் துடைப்பமும் வாளியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கொத்தனார்கள் கூலி வாங்காமல் பள்ளிவாசலின் இடிந்த சுவரை மீண்டும் எழுப்பினார்கள். அங்கே கொடி எதையும் யாரும் தூக்கவில்லை. கரணையால் சாந்தை வழித்து ஒரு செங்கல்லின்மேல் இன்னொன்றை வைத்த அந்த மனிதர்களைவிடப் பெரிய நாட்டுப்பற்றாளர்களை அந்நாட்டின் பாராளுமன்றத்தில் நான் காணவில்லை.

ராபர்ட் கால்டுவெல்லைப் பற்றியும் இங்கே எண்ணிக்கொள்கிறேன். அயர்லாந்தில் பிறந்து 1841இல் இடையன்குடிக்கு வந்து, தேரிமணல் காட்டில் கோயிலும் பள்ளியும் தெருவும் அமைத்து, இந்த ஜில்லாவின் வரலாற்றையே எழுதி, 1891இல் இறந்தபின் அங்கேயே அடக்கமானவர். அவர் ஆளும் இனத்தோடு வந்தவர், என் மகள் விசா வரிசையில் நின்று போனவள் என்ற வேறுபாடு பெரியது; நம் மக்களில் ஒரு பகுதியினரைப் பற்றி அவர் எழுதியது காயப்படுத்தியது என்பதும் உண்மை. அந்தக் கோபம் ஒரு பக்கம் இருக்க, அவர் நம்மவர் அல்லர் என்று இடையன்குடியில் இன்று யாரும் சொல்வதில்லை. ஐம்பதாண்டு உழைப்பு ஒருவரை ஓர் ஊருக்குச் சொந்தமாக்கும் என்பதை எங்கள் ஊர் ஏற்றுக்கொண்டது.

2025 செப்டம்பரில் ஃபராஜ், நிரந்தரமாகத் தங்கும் உரிமை என்பதையே ஒழித்துவிடுவேன் என்று அறிவித்தார். அது இனவாதக் கொள்கை என்று ஸ்டார்மர் கண்டித்தார். ஆனால் அவருடைய அரசே அந்த உரிமைக்கான காத்திருப்பை ஐந்தாண்டிலிருந்து பத்தாண்டாக்கும் திட்டத்தை அந்த மே மாதம் வெளியிட்டிருந்தது. என் மகளுக்கு அந்த உரிமை முன்பே கிடைத்துவிட்டது. அவளோடு வேலை பார்க்கும் சாத்தான்குளத்துப் பெண் ஒருத்தி நான்காம் ஆண்டில் நிற்கிறாள். இரவில் தூக்கமில்லை என்கிறாள்.

இப்போது என் மகள் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இருபத்துநான்கு கேள்விகளில் பதினெட்டுக்குச் சரியான விடை சொல்ல வேண்டிய தேர்வுக்கு, எட்டாம் ஹென்றியின் மனைவிமார் பெயர் முதற்கொண்டு நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்டபோதே இரவெல்லாம் படித்துத் தேறிவிட்டாள். அடுத்து நகர மன்றத்தில் நின்று மன்னர் சார்லஸுக்கும் அவர் வாரிசுகளுக்கும் உண்மையாக இருப்பேன் என்று உறுதி சொல்ல வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பித் தந்துவிட வேண்டும். "வ.உ.சி. கதைய சொல்லிச் சொல்லி வளத்தீங்களே, ஒங்களுக்கு வருத்தமில்லையாப்பா?" என்று கேட்டாள். வருத்தமில்லை என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ராசாவுக்குச் சொல்லுதத சொல்லு, ஒந்தெருவுல நடக்கதப் பாத்துட்டு மட்டும் வாயப் பொத்திட்டுப் போவாதட்டி" என்றேன்.

காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு அங்கே ஏற்கனவே ஓட்டுரிமை உண்டு. ஆனாலும் இத்தனை ஆண்டுகளில் அவள் எந்த அலுவலகத்துக்கும் ஒரு புகார்கூட எழுதியதில்லை. சென்ற வாரம் முதல் புகாரை எழுதினாள். அவள் வீட்டெதிரே கொடி கட்டிய கம்பத்தில் ஐந்து மாதமாக விளக்கு எரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் இருட்டில் தடுக்கி விழுந்துவிட்டார். இணையப் படிவத்தில் கம்பத்தின் எண்ணைக் கேட்டிருந்தது. மேல்பட்டை அறுந்து கீழே சரிந்து தொங்கிய கொடி அந்த எண் தகட்டை மூடியிருந்ததால், ஈரத் துணியை ஒரு கையால் மெல்ல விலக்கிப் பிடித்துக்கொண்டு, செல்பேசி வெளிச்சத்தில் எண்ணைப் படித்து எழுதினேன் என்றாள்.