அறுத்த முத்திரைகள்

தணிக்கைப் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் ஒரு தானியக் கிடங்கின் கையிருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். கிடங்குக் காப்பாளரின் மேசைக்கடியில் ஒரு தகர டப்பா நிறைய, கதவுகளிலிருந்து அறுத்தெடுத்த ஈய முத்திரைகள் கிடந்தன. இந்தக் குப்பையை எதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “தூக்கிப் போட்டுட்டா நான் எத்தனை தடவை திறந்தேன்னு யார் சொல்லுவா, சார்?” என்றார். அன்று மாலை எண்ணி முடித்தபோது இருப்பில் 11 மூட்டைகள் குறைந்தன. கொஞ்சமும் யோசிக்காமல் அவரைப் பொறுப்பாக்கி அறிக்கையின் வரைவை எழுதினேன். மறுநாள் அவரே அந்த டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். இரண்டு முத்திரைகளில் மட்டும், ஈயத்தை அழுத்தி மூடும் இடுக்கி பதித்த எண் வேறாக இருந்தது. அவர் விடுப்பில் இருந்த இரண்டு நாட்களில் அவருக்குப் பதிலாக வந்தவர் கதவைத் திறந்து மூடியிருக்கிறார், பதிவேட்டில் அந்த நாட்களுக்கு ஒரு வரிகூட இல்லை. வரைவைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்பது இப்போது நினைவில் இல்லை. கேட்டிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

பல ஆண்டுகள் கழித்து, தொல்லியல் நூல்களைப் படிக்கத் தொடங்கிய பிறகு, அதே டப்பாவை வேறொரு காலத்தில் கண்டேன். துருக்கியின் கிழக்குப் பகுதியில், மலாத்யாவுக்கு அருகே அர்ஸ்லான்தெபே என்னும் மேடு இருக்கிறது. கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் பிற்பகுதியில் அங்கே களஞ்சிய அறைகளும் கோயில்களும் முற்றங்களும் சேர்ந்த ஒரு பெரிய கட்டடத் தொகுதி எழுந்தது. அகழ்ந்த இத்தாலியக் குழுவினருக்கு அங்கே 2,000க்கும் மேற்பட்ட களிமண் முத்திரைத் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் 200க்கும் மேற்பட்ட வெவ்வேறு முத்திரைகளின் பதிவுகள் இருந்தன. ஒவ்வொரு துண்டின் முன்பக்கத்தில் முத்திரையின் உருவமும், பின்பக்கத்தில் அது ஒட்டியிருந்த பொருளின் தடமும் பதிந்திருக்கும். சாக்கின் நெசவு, குடத்தின் வாய், கதவுக்கருகே சுவரில் அடித்த முளையில் சுற்றிய கயிறு என எதன்மேல் அப்பிய மண் அது என்பதைப் பின்பக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலான துண்டுகள் கதவுகளில் கிடைக்கவில்லை. உடைத்தெடுத்த பின் சேர்த்து வைத்து, பிரித்து அடுக்கி, கணக்கு முடிந்ததும் மொத்தமாகக் கொட்டிய இடத்தில் கிடைத்தன. அந்த ஊரில் எழுத்து இல்லை. ஆனால் நாங்கள் வவுச்சர் என்று சொல்வது இருந்தது.

நாகரிகத்தின் தொடக்கத்தை வேளாண்மை, உபரி, அரசன், கோயில் என்ற வரிசையில் சொல்லிக் கேட்டுப் பழகிவிட்டோம். என் தொழில் புத்திக்கு அந்த வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போனதாகப் படும். உபரித் தானியம் குவிந்துவிட்டால் மட்டும் நிறுவனம் பிறந்துவிடாது. அந்தக் குவியலுக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்விக்கு ஏதோ ஒரு வழி வேண்டும். களிமண் முத்திரை திருடனைத் தடுக்காது, ஒரு குழந்தை விரலால் உடைத்துவிடும். யாரோ திறந்தார்கள் என்று காட்டுவதும், திறந்தவர் இன்னார் என்று பின்னால் கேட்க முடிவதும்தான் அதன் வேலை.

இந்த வழி அரசர்களுக்கு முந்தியது என்பதுதான் என்னை மிகவும் வியக்க வைத்தது. சிரியாவில் தெல் சபி அப்யாத் என்ற இடத்தில், கி.மு. 6000 அளவில் தீக்கிரையான ஒரு சிற்றூரில் ஏறக்குறைய 300 முத்திரைத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அது நகரமல்ல, அங்கே அரண்மனையும் இல்லை. ஆட்டு மந்தைகளோடு ஆண்டில் பாதிக் காலம் அலைந்தவர்கள், தங்கள் பொருள்களைக் கூடையிலும் குடத்திலும் முத்திரையிட்டு ஊரில் விட்டுச் சென்றிருக்கலாம் என்பது அகழ்ந்தவர்களின் விளக்கம். ஊரில் இல்லாதவனின் பொருளை ஊரில் இருப்பவன் காக்க வேண்டிய நிலையில்தான் இந்த வழக்கம் உருவானது என்றால், என் காப்பாளரின் விடுப்பு நாட்கள் எனக்கு நினைவுக்கு வராமல் இருக்குமா?

இதற்கு எதிராகச் சொல்லவும் நிறைய இருக்கிறது. துருக்கியின் தென்கிழக்கில் உள்ள கோபெக்லி தெபேயில் கி.மு. 9500 அளவில், பானை வனையவும் பயிரிடவும் தொடங்காத மக்கள் ஐந்து மீட்டருக்கும் மேலான உயரமுள்ள கல்தூண்களை நிறுத்தினார்கள். அத்தனை பேரைத் திரட்டி வேலை வாங்க அவர்களுக்குப் பதிவேடு தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. அதே நாட்டில் சாத்தல்ஹொயூக் என்ற பழைய குடியிருப்பில் தெருவே இல்லாமல் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில், கூரை வழியாக இறங்கி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மக்கள் வாழ்ந்தார்கள். அரண்மனை என்றோ பொதுக் களஞ்சியம் என்றோ சுட்டிக்காட்ட ஒரு கட்டடமும் அங்கே இல்லை, அவரவர் தானியம் அவரவர் வீட்டில் இருந்தது. ஆகவே மனிதர் கூடி வாழ்வதற்குக் கணக்கு வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவர் குவித்ததை இன்னொருவர் காத்து, மூன்றாமவர் பங்கிடும்போதுதான் அது வேண்டியிருக்கிறது.

இன்றைய இராக்கின் தெற்கில் இருந்த ஊருக் நகரில் கி.மு. 3300க்குப் பின் நடந்தது அதுதான். அங்கே அச்சில் வார்த்தது போன்ற கரடுமுரடான கிண்ணங்கள் எண்ணிலடங்காமல் கிடைக்கின்றன; கூலியாகத் தானியம் அளந்து கொடுத்த கிண்ணங்கள் என்பது பரவலான கருத்து, ரொட்டி சுட்ட அச்சுகள் என்பாரும் உண்டு. அங்கே பிறந்த எழுத்தில் ‘உண்பது’ என்பதற்கான குறி ஒரு மனிதத் தலையும் அருகில் ஒரு கிண்ணமும்தான். மிகப் பழைய களிமண் பலகைகளில் பெரும்பாலானவை கதையும் பாட்டும் அல்ல, வரவு செலவு. அவற்றுள் ஒன்றில் 37 மாதங்களுக்கு 29,086 அளவை வாற்கோதுமை என்றும், ‘குஷிம்’ என்றும் இருக்கிறது. குஷிம் என்பது ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அலுவலகத்தில் பதவியின் பெயராலேயே முப்பது ஆண்டுகள் அழைக்கப்பட்டு ஓய்வு பெற்றவர்களைப் பார்த்த எனக்கு, அந்தக் குழப்பம் இயல்பாகவே படுகிறது.

கணக்கு கொடுமையாகவும் மாறும். கி.மு. 2000க்குச் சற்று முன், ‘ஊர்’ என்ற பெயருடைய சுமேரிய நகரின் மூன்றாம் வம்சம் ஆண்ட காலத்தில், அதன் ஆட்சிக்குட்பட்ட உம்மா நகரின் மேற்பார்வையாளர்களுக்கு ஆண்டுக்கு இத்தனை ஆள்-நாள் வேலை என்று நிர்ணயித்து, குறைந்ததை அடுத்த ஆண்டின் கணக்கில் ஏற்றினார்கள். மேற்பார்வையாளர் இறந்துவிட்டால் பாக்கியை அவர் குடும்பத்திடம் வசூலித்தார்கள். அந்தப் பலகைகளின் மொழிபெயர்ப்பை முதன்முதலில் படித்தபோது, கூட்டிக் கழித்துச் சரிபார்க்கவே என் கை போயிற்று. இறந்தவரின் வீட்டை நினைத்தது அதற்குப் பிறகுதான்.

அர்ஸ்லான்தெபேயின் கட்டடத் தொகுதி கி.மு. 3000 அளவில் தீயில் அழிந்தது. அந்தத் தீயும் சேர்ந்துதான் களிமண்ணைச் சுட்டு நமக்காகக் காப்பாற்றியது. இடிபாடுகளின்மேல் மந்தை மேய்ப்பவர்கள் கம்பும் சேறும் கொண்டு குடிசைகள் போட்டார்கள். அந்த அடுக்கில் முத்திரையிட்ட களஞ்சியங்கள் இல்லை.