எல்லை தாண்டும் வரி மோசடியை யார் விசாரிப்பது?

ஐரோப்பாவில் நாடுகளுக்கும் மேலே நின்று குற்ற வழக்கு நடத்தும் ஓர் அலுவலகம் இருக்கிறது. பெயர் ஐரோப்பிய அரசு வழக்கறிஞர் அலுவலகம். 2017-ல் சட்டம் வந்தது, 2021 ஜூன் 1 அன்று லக்சம்பர்கில் வேலை தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிற எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், அவர்கள் துரத்துகிற மோசடிதான் என் மேசைக்கும் வருகிறது.

இங்கே ஒரு கொப்பரை வியாபாரி பொள்ளாச்சிப் பக்கம் சரக்கு எடுத்தார். பில், சரக்கு வண்டிக்கான இ-வே பில், வங்கி வழியாகப் பணம், எல்லாம் சரி. விற்றவர் வரியைக் கட்டாமலே ஆளைக் காணோம். சரக்குக்குக் கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொண்டாரே, அந்த வரி வரவைத் திருப்பிக் கட்டச் சொல்லி இவருக்கு நோட்டீஸ். விற்றவர் வேறொருவருக்குப் போட்ட பில்லைப் பார்த்தேன். எட்டு டன் கொப்பரை ஏற்றியதாகக் காட்டிய வண்டி எண், ஒரு ஸ்கூட்டருடையது! மாநில எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், கேட்டால் ஆள் அங்கே என்றார்கள். அந்தப் பக்கம் கேட்டால் நஷ்டம் உங்களுக்குத்தானே என்றார்கள்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். வேறு நாட்டிலிருந்து வாட் (நம் ஜிஎஸ்டி மாதிரியான வரி) இல்லாமல் சரக்கு வாங்கி, உள்ளூரில் வாட்டோடு விற்று, வசூலித்த வரியோடு மறைந்துவிடுவார்கள். ஒவ்வொரு நாட்டு வழக்கறிஞர் கண்ணிலும் ஒரு துண்டுதான் படும். இப்போது இரண்டு நாடுகளுக்காவது தொடர்பிருந்து, நஷ்டம் ஒரு கோடி யூரோவைத் தொட்டால் இந்த அலுவலகம் கையிலெடுக்கலாம்.

அதன் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தது இரண்டு வழக்கறிஞர்கள், அந்த நாட்டுக்காரர்களே. வாதாடுவது உள்ளூர் நீதிமன்றத்தில்தான். ஆனால் அவர்களை மேற்பார்வை செய்வது லக்சம்பர்க், சொந்த நாட்டு அமைச்சர் உத்தரவு போட முடியாது. ஸ்லோவேனியா தன் பங்குக்கு ஆள் அனுப்பாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. அரசுகளுக்கு இது எவ்வளவு உறுத்துகிறது என்று அதிலேயே தெரிகிறது.

ஓட்டையும் உண்டு. ஒரு வழக்கு லக்சம்பர்குக்கா, உள்நாட்டுக்கா என்று தகராறு வந்தால், முடிவு செய்வது உள்நாட்டு அமைப்பு. வரப்புத் தகராறில் பக்கத்துத் தோட்டக்காரரையே நாட்டாமையாக உட்காரவைத்த மாதிரி இது. அந்த முடிவு ஐரோப்பிய நீதிமன்றத்திடம் போயிருக்க வேண்டும்.

நம் பக்கம் வருவோம். நீதிமன்றம் உத்தரவிட்டால் தவிர, மாநிலம் சம்மதிக்காமல் சிபிஐ உள்ளே வர முடியாது. பொதுச் சம்மதத்தைக் கேரளம் 2020 நவம்பரிலும் தமிழ்நாடு 2023 ஜூனிலும் திரும்பப் பெற்றன. நான் குறை சொல்ல மாட்டேன். டெல்லியின் கையில் இருக்கிற போலீஸ் யார் மேல் பாயும் என்ற பயம் நியாயமானது. லக்சம்பர்கில் அந்தப் பயத்துக்கு விடை வைத்திருக்கிறார்கள். தலைமை வழக்கறிஞருக்கு ஏழு வருஷம், மறு நியமனம் கிடையாது, அதனால் யாரையும் குளிர்விக்க வேண்டியதில்லை. நீக்குவதென்றால் ஐரோப்பிய நீதிமன்றம் மட்டுமே நீக்கலாம். முதலில் அந்தப் பதவிக்கு வந்தவர் ருமேனியாவில் ஊழல் ஒழிப்பு வழக்குகளை நடத்திய லாரா கொவேஷி. ஆரம்பத்தில் 22 நாடுகள். ஒதுங்கி நின்ற போலந்தும் ஸ்வீடனும் 2024-ல் சேர்ந்துகொண்டன.

எல்லைக் கடத்தலுக்கும் போலி பில்லுக்கும் மட்டுமாவது இப்படி ஒன்று நமக்கு வேண்டும். கேரளமும் தமிழ்நாடும் ஆளுக்கு இரண்டு வழக்கறிஞர்களைத் தரட்டும், பாலக்காட்டிலும் கோவையிலும் உட்காரட்டும். அவர்களை நீக்கும் அதிகாரம் எந்த அரசுக்கும் இருக்கக் கூடாது.