வாய்ச்சொல்லை நம்பி அடைத்த கரை

2015 டிசம்பர் மழை. இரவு பதினொன்றரை மணிக்கு ஏரியைப் பார்த்துக்கொள்ளும் அரசுத் துறையின் ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், போன் செய்தார். "அண்ணே, ஏரிக்கரை அறுத்துக்கிட்டுப் போகுது. ஆளும் மூட்டையும் எடுத்துக்கிட்டு உடனே வாங்க. ஆர்டரை அப்புறம் போட்டுக்கலாம்." கரைக்குக் கீழே மூன்று தெரு வீடுகள். எஸ்டிமேட், டெண்டர் என்று அந்த நேரத்தில் யார் பேசுவது? முப்பது ஆட்களோடு போனேன். மூன்று ராத்திரி வேலை. 2,100 மணல் மூட்டை, 180 சவுக்குக் கட்டை. ஏ.இ. ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மூட்டைகளை எண்ணினார். லாரி டிரிப் ஷீட்டுகளில் கையெழுத்தும் போட்டார்.

6,40,000 ரூபாய்க்குப் பில் கொடுத்தேன். நாலு மாதத்தில் அவருக்கு மாறுதல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "ஒர்க் ஆர்டரே இல்லையே, எதை வைத்து பாஸ் பண்ணுவது?" என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, தணிக்கையில் மாட்டுவது அவர்தான். ஆனாலும் இரண்டு வருடத்துக்கு மேல் அந்த மாடிப்படியை ஏறி இறங்கினேன்.

2018-ல்தான் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "ஆளுநர் பேர்ல ஏதாவது கையெழுத்தாகி இருக்கா?" எனக்குச் சிரிப்பு வந்தது. ஏரிக்கு மூட்டை போட ஆளுநர் எதற்கு? அவர் சிரிக்கவில்லை. மாநில அரசின் ஒப்பந்தம் ஆளுநர் பெயரில் எழுதப்பட்டு, அதற்கென அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 299-ஆவது பிரிவு. போனில் சொன்ன சொல் அரசைக் கட்டுப்படுத்தாது. சரி, அந்த ஏ.இ. மேலேயே வழக்குப் போடலாமே என்றேன். ஒப்பந்தமே செல்லாது என்னும்போது அதை வைத்து அவரை மட்டும் எப்படிப் பிடிப்பது என்றார்.

அப்புறம்தான் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவை எடுத்தார். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல், சட்டப்படி, ஒருவருக்காக ஒரு வேலையைச் செய்து, அதன் பலனை அவர் அனுபவித்திருந்தால் அவர் ஈடு தந்தாக வேண்டும். அரசுக்கும் இது பொருந்தும் என்று மேற்கு வங்க அரசுக்கும் மொண்டல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டது. அதிகாரிகள் கேட்டார்கள் என்று 1944-ல் வங்காளத்தின் ஆரம்பாக்கில் சாலையும் சமையலறையும் காவலர் அறையும் கட்டிக் கொடுத்தவர்கள் மொண்டல் நிறுவனத்தார். பதினேழு வருடம் இழுத்திருக்கிறது. என் அலைச்சல் பரவாயில்லை என்று தோன்றியது.

"சொன்னாங்கங்கிறதை விட்டுடுங்க. வாங்கிக்கிட்டாங்கங்கிறதை நிரூபிப்போம்" என்றார் வக்கீலம்மா. அதோடு நான் தேடவேண்டிய காகிதங்களே மாறிப்போயின. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, அந்த மழைக்குத் துறை மேலிடத்துக்கு அனுப்பிய சேத அறிக்கையை வாங்கினேன். அதில் ஒரு வரி: "உடைப்பு 2,100 மணல் மூட்டைகளைக் கொண்டு தற்காலிகமாக அடைக்கப்பட்டது." யார் அடைத்தது என்று மட்டும் இல்லை. செயப்பாட்டு வினையின் அருமை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எண்ணிக்கை என் டிரிப் ஷீட்டோடு அப்படியே ஒத்துப்போனது.

வேலை முடிந்ததிலிருந்து மூன்று வருடம்தான் காலவரம்பு. நான் விளிம்பில் நின்றேன். அரசு மேல் வழக்குப் போட, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவில் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மாதம் காலவரம்பில் சேராது என்று அவர் எத்தனை முறை சொல்லியும் எனக்குத் தூக்கம் வரவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் வழக்குத் தாக்கலானது.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்றே ஒன்றுதான்: இவருக்கும் எங்களுக்கும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. நாங்களும் அதையேதான் சொன்னோம் என்பது அவர்களுக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்திருக்கும்.

2021-ல் தீர்ப்பு. நான் போட்ட பில் தொகை கிடைக்கவில்லை. 70-ஆவது பிரிவில் கிடைப்பது நியாயமான ஈடுதான் என்று துறையின் விலைப் பட்டியலை வைத்தே கணக்குப் பார்த்து 4,35,000 ரூபாயும் வட்டியும் கொடுக்கச் சொன்னார்கள். ராத்திரிக் கூலி, மழையில் லாரிக்காரர் கேட்ட இரட்டை வாடகை எல்லாம் என் தலையில்.

அடுத்த வருடம் பணம் வந்தது, டி.டி.எஸ். என்னும் வருமான வரிப் பிடித்தம் போக. எந்தப் பிரிவில் பிடித்திருக்கிறார்கள் என்று ஆடிட்டரிடம் பார்க்கச் சொன்னேன். 194சி, ஒப்பந்ததாரர்களுக்குக் கொடுக்கும் தொகைக்கான பிரிவு.